ஆடிப் பார்த்தவர் சொல்லும் குறையும் அடியில் இருக்கும் கோளாறும்: புதிர் பிளாட்ஃபார்மருக்கான பிழை நீக்கும் வழிமுறை

சின்னக் குழு செய்த புதிர் பிளாட்ஃபார்மர் (மேடைக்கு மேடை குதித்துப் புதிர் அவிழ்க்கும் வீடியோ கேம்) ஒன்றை ஆடிப் பார்க்கக் கொடுத்தால் திரும்பி வரும் குறைகள் ஏழெட்டு வாக்கியங்களுக்குள் அடங்கிவிடும். "அழுத்தினேன், குதிக்கல." "என்ன பண்ணணும்னே தெரியல." "விடை தெரியும், கை வரல." "தலை சுத்துது." ஆட்டம் மாறினாலும் வாக்கியங்கள் மாறுவதில்லை.

டெஸ்டர், அதாவது ஆடிப் பார்ப்பவர், சொல்லும் அறிகுறி கிட்டத்தட்ட எப்போதும் உண்மை. அவர் சொல்லும் காரணம் பாதி நேரம் தவறு. அவர் சொல்லும் தீர்வைக் கேட்டு லெவலை மாற்றப் போனால் ஒரு வாரம் போய்விடும், கோளாறு அங்கேயே இருக்கும். "அந்தப் பள்ளத்தைச் சின்னதாக்குங்க" என்று கேட்பவருக்குப் பல சமயம் தேவைப்படுவது நிரலில் (கோடில்) ஒரு வரி மாற்றம்தான். அதனால் இந்த வழிமுறை அவர் வாயிலிருந்து வரும் வாக்கியத்தில் தொடங்கி, செலவே இல்லாத காரணத்திலிருந்து செலவு கூடிய காரணம் வரை போகிறது.

## தொடங்கும் முன்

மூன்று பதிவுகள் வேண்டும்: திரை, ஆடுபவரின் கைகள், அழுத்திய பொத்தான்கள். திரைக்கு ஓபிஎஸ் என்ற பதிவு மென்பொருள் போதும். கைகளுக்கு ஒரு போனைச் சாய்த்து வைத்தால் சரி. பொத்தான்களுக்கு, டெஸ்ட் பில்டில் (சோதனைக்காக உருவாக்கிய ஆட்டப் பதிப்பில்) மட்டும் திரை மூலையில் ஒரு சின்னப் படம் வைத்து, எது அழுத்தப்பட்டதோ அது ஒளிரும்படி செய்யுங்கள். பக்கத்திலேயே பில்டு எண்ணும் ஃபிரேம் (திரையில் அடுத்தடுத்து வரும் ஒவ்வொரு படம்) எண்ணும் ஓடட்டும். இவை இல்லாமல் கீழே சொல்வதில் பாதியைச் சோதிக்கவே முடியாது.

ஆடும்போது நீங்கள் பேசக் கூடாது. "அந்தப் பக்கம் போய்ப் பாருங்க" என்று ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தாலும் அந்த அறை பற்றிய தகவல் போச்சு. புதிர் ஆட்டத்தில் இதன் விலை அதிகம், ஏனென்றால் விடை தெரிந்தவர் அதே புதிருக்கு மறுபடி புது டெஸ்டராக முடியாது. ஆள் பட்டியலில் இருக்கும் எல்லோரையும் முதல் சுற்றிலேயே செலவழிக்காதீர்கள். பயன்பாட்டுச் சோதனைக்கு ஐந்து பேர் போதும் என்று பயன்பாட்டியல் ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2000-இல் எழுதியது இங்கும் நல்ல அளவுகோல்தான். ஆனால் ஐந்து பேருக்குக் காட்டி, திருத்தி, பிறகு புதிதாக ஐந்து பேர் என்று போவதுதான் அதன் பொருள். ஐந்தோடு நின்றுவிடச் சொல்லவில்லை.

## "அழுத்தினேன், குதிக்கல"

எல்லாவற்றிலும் அதிகம் வரும் குறை இதுதான். எங்கே குதிக்கவில்லை என்று பதிவைப் பார்த்துப் பிரித்துக்கொள்ளுங்கள்.

### மேடை விளிம்பில் மட்டும்

பதிவை ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்துங்கள். திரையில் ஓடும் ஆளின் கால் விளிம்பை விட்டு இரண்டு மூன்று ஃபிரேம் கழித்துத்தான் பொத்தான் ஒளிர்ந்திருக்கும். செகண்டுக்கு 60 ஃபிரேம் ஓடும்போது ஒரு ஃபிரேம் 16.7 மில்லிசெகண்ட். ஆடும் வேகத்தில் அந்தத் தாமதத்தைக் கவனிப்பது கடினம். ஆடுபவரைப் பொறுத்தவரை அவர் தரையில் இருக்கும்போதே அழுத்திவிட்டார்.

இதற்கு மருந்து எல்லோரும் கொயோட்டி டைம் என்று சொல்வது: தரையை விட்ட பிறகும் சுமார் 0.1 செகண்ட், அதாவது 6 ஃபிரேம் வரை குதிக்க அனுமதிப்பது. துல்லியத்துக்குப் பேர்போன செலெஸ்ட் (2018) ஆட்டத்திலும் இந்தச் சலுகை உண்டு. போட்ட பிறகு இரண்டைச் சரிபாருங்கள். ஒன்று, ஒருமுறை குதித்தவுடன் அந்தச் சலுகை ரத்தாக வேண்டும். இல்லையென்றால் வேகமாக இரண்டு தடவை தட்டுபவருக்கு இரட்டைக் குதிப்பு கிடைத்துவிடும். இரண்டாவது புதிர் ஆட்டங்களுக்கே உரியது. ஆள் செகண்டுக்கு 8 டைல் (லெவலைக் கட்டும் சதுரக் கட்டம்) ஓடுகிறார் என்றால் 0.1 செகண்டில் அவர் தாண்டும் தூரம் 0.8 டைல் கூடுகிறது. "இதைத் தாண்டவே முடியாது, பெட்டியைக் கொண்டுவந்தால்தான் வழி" என்று நீங்கள் நம்பி வைத்த பள்ளங்களை எல்லாம் மறுபடி அளந்து பாருங்கள்.

### தரையைத் தொடுவதற்குச் சற்று முன்

விழுந்துகொண்டே அழுத்துகிறார், ஆள் தரையில் இறங்கிச் சும்மா நிற்கிறார். அழுத்தியதை 0.1 செகண்ட் நினைவில் வைத்து, தரையைத் தொட்டதும் குதிக்கச் செய்யுங்கள். ஜம்ப் பஃபர் என்பது இதுதான். செத்து மறுபடி பிறக்கும் இடத்திலும், கதவு வழியாக அடுத்த அறைக்குப் போகும் இடத்திலும் அந்த நினைவை அழித்துவிடுங்கள். அழிக்காவிட்டால் செக்பாயின்ட்டில் பிறந்த நொடியே தானாகக் குதித்து முள்ளில் விழுவார், "இது நியாயமே இல்ல" என்று புதுக் குறை வரும்.

### எங்கே வேண்டுமானாலும், எப்போதாவது

முதலில் கீபோர்டு. விலை குறைந்த பல கீபோர்டுகளில் சில மூன்று பொத்தான் சேர்க்கைகள் பதிவாகவே ஆகாது. இடது அம்பு, மேல் அம்பு, ஸ்பேஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தச் சொல்லுங்கள். மூலைப் படத்தில் இரண்டுதான் ஒளிர்கிறது என்றால் கோடில் தேட வேண்டாம். குதிக்க வேறு பொத்தானையும் மாற்றாக வையுங்கள், பொத்தான்களை ஆடுபவரே மாற்றிக்கொள்ளும் வசதியையும் கொடுங்கள். பாய்ச்சலுக்கு ஷிஃப்ட் வைத்திருந்தால் இன்னொரு தொல்லை: விண்டோஸில் ஷிஃப்டை ஐந்து முறை தட்டினால் ஸ்டிக்கி கீஸ் கேள்விப் பெட்டி திறந்து ஆட்டத்தை மறைத்துவிடும். "திடீர்னு ஆட்டம் நின்னுபோச்சு" என்ற குறிப்புக்குக் காரணம் இதுவாகவும் இருக்கலாம்.

அடுத்து கன்ட்ரோலர். வயர் போட்டு ஒரு தடவை, புளூடூத்தில் ஒரு தடவை ஆடவிட்டுப் பாருங்கள்.

இரண்டும் சரி என்றால் இனி கோட். யூனிட்டி என்ற கேம் எஞ்சினில் செய்பவர்களிடம் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது ஒன்று: பொத்தான் "இப்போது அழுத்தப்பட்டதா" என்ற கேள்வியை, இயற்பியலுக்கான ஃபிக்ஸ்ட் அப்டேட்டுக்குள் கேட்பது. அது இயல்பாக 0.02 செகண்டுக்கு ஒரு முறை, செகண்டுக்கு 50 தடவை ஓடும். பொத்தான் செய்தியோ ஒரே ஒரு படக் ஃபிரேமுக்குத்தான் உயிரோடு இருக்கும். திரை 144 ஃபிரேமில் ஓடும் கணினியில் பல அழுத்தங்கள் இரண்டு ஃபிக்ஸ்ட் அப்டேட்டுகளுக்கு நடுவில் விழுந்து காணாமல் போகும். வேகமான கணினி வைத்திருப்பவரே அதிகம் குறை சொல்கிறார் என்றால் நேரே இங்கே வாருங்கள். அழுத்தத்தை, ஒவ்வொரு படக் ஃபிரேமுக்கும் ஓடும் அப்டேட்டில் படித்து ஒரு கொடியில் (ஆம்/இல்லை என்ற குறிப்பில்) வைத்து, ஃபிக்ஸ்ட் அப்டேட்டில் அதைச் செலவழித்துவிட்டுக் கொடியை இறக்க வேண்டும்.

கடைசியாகத் தரைச் சோதனை. காலடியிலிருந்து கண்ணுக்குத் தெரியாத சோதனைக் கதிர் ஒன்றை மட்டும் கீழே விட்டு "தரையில் இருக்கிறாரா" என்று பார்த்தால், பாதி உடம்பு மேடைக்கு வெளியே நிற்கும்போது கதிர் வெட்டவெளியில் போய்விடும். கீழிறங்கும் லிஃப்டிலும் இதே கதை. இரண்டு மூன்று கதிர்கள், அல்லது காலின் அகலத்துக்கு ஒரு பெட்டிச் சோதனை வையுங்கள்.

### ஒருவருடைய கணினியில் மட்டும்

திரை டிவியா என்று கேளுங்கள். டிவியில் கேம் மோட் அணைந்திருந்தால் படம் தாமதமாக வரும், அதற்கு உங்கள் கோட் பொறுப்பில்லை. பிறகு வி-சிங்க்கை (ஃபிரேம்களைத் திரையின் வேகத்தோடு பொருத்தும் அமைப்பை) அணைத்து ஒரு தடவை ஓட்டச் சொல்லுங்கள். அதுவும் இல்லையென்றால் உங்கள் ஆட்டத்தை நீங்களே 30 ஃபிரேமுக்குக் கட்டி ஓட்டிப் பாருங்கள். குதிக்கும் உயரம் மாறுகிறதா? புவியீர்ப்பைப் படக் ஃபிரேமுக்கு ஒரு முறை கூட்டிக்கொண்டிருந்தால் மாறும். டெல்டா டைமால் (முந்தைய ஃபிரேமிலிருந்து கடந்த நேரத்தால்) பெருக்கியிருந்தாலும் கொஞ்சம் மாறும். நகர்வு முழுவதையும் நிலையான கால அளவில் ஓட்டுவதுதான் முழுத் தீர்வு. இது பழுது பார்ப்பதில் அடங்காது, நகர்வுக் கோடைத் திரும்ப எழுதும் வேலை. லெவல்கள் பெருகிவிட்ட பிறகு இதைத் தொட வேண்டி வந்தால் அனுபவமுள்ள கேம்பிளே புரோகிராமர் ஒருவருக்குக் கொஞ்ச நாள் சம்பளம் கொடுப்பது லாபம். உயரத்தில் சின்ன மாற்றம் வந்தாலும் எல்லா அறைகளையும் மறுபடி சோதிக்க நேரும்.

## நடக்கும்போது தட்டுகிறது

சமதளத்தில் ஓடும் ஆள் கண்ணுக்குத் தெரியாத எதிலோ இடித்து நிற்கிறார். டைல்களின் மோதல் பெட்டிகளுக்கு (இடிப்பதைக் கணக்கிடும் கண்ணுக்குத் தெரியாத எல்லைகளுக்கு) நடுவில் உள்ள இணைப்புதான் காரணம். தனித்தனிப் பெட்டிகளை ஒரே உருவமாக இணையுங்கள். யூனிட்டியில் காம்போசிட் கொலைடர் அதற்குத்தான் இருக்கிறது. ஆளின் அடிப்பக்க மூலைகளை உருட்டையாக்கினாலும் போகும், ஆனால் விளிம்பில் நிற்கும்போது வழுக்கும்.

குதிக்கும்போது தலை மேல்டைலின் ஓரத்தில் இரண்டு பிக்சல் இடித்து விழுகிறார் என்றால், அந்த இரண்டு பிக்சலுக்கு ஆளைப் பக்கவாட்டில் நகர்த்திவிடுங்கள். யாரும் கவனிக்க மாட்டார்கள், குறை நின்றுவிடும்.

## "என்ன பண்ணணும்னே தெரியல"

இதைக் கேட்டதும் குறிப்புப் பலகை எழுத உட்கார்ந்துவிடாதீர்கள். நான்கு வேறு வேறு கோளாறுகள் இதே வாக்கியத்தில் வெளிவருகின்றன, பலகை அவற்றில் ஒன்றுக்குக்கூடச் சரியான மருந்தல்ல.

ஆட்டம் முடிந்ததும் "பிடிச்சுதா?" என்று கேட்காமல், அறையின் படத்தைக் காட்டி "இதில் என்னென்ன இருக்கு, ஒவ்வொண்ணும் என்ன செய்யும்?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் பட்டியலில் எது விடுபடுகிறது என்பதைப் பொறுத்துப் பிரியும்.

### லீவரையே சொல்லவில்லை

உதாரணத்துக்கு, கதவைத் திறக்கும் லீவர்: அவர் கண்ணில் படவில்லை. முதலில் கேமரா: அறைக்குள் நுழையும் இடத்திலிருந்து அந்தப் பொருள் திரைக்குள் வருகிறதா? வராவிட்டால் நுழையும் வாசலை நகர்த்துங்கள், வேலை ஐந்து நிமிடம். அடுத்து நிறம்: திரையின் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். லீவர் பின்னணியில் கரைந்துபோனால் அது நிறத்தால் மட்டும் பிரிந்து நிற்கிறது. வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 12 பேரில் ஒருவருக்குச் சிவப்பு பச்சை பிரித்தறிவதில் குறை உண்டு. சிவப்புக் கதவுக்குச் சிவப்புச் சாவி, பச்சைக் கதவுக்குப் பச்சைச் சாவி என்று வைத்தால் அவர்களுக்கு அது புதிரே இல்லை, குருட்டு யூகம். வடிவமும் மாற வேண்டும்.

இன்னொன்று, அலங்காரம். அழகுக்காக வரைந்த குழாய், பல்சக்கரம், சங்கிலி எல்லாம் லீவரை விடப் பளிச்சென்று இருந்தால் கண் அங்கேதான் போகும். பின்னணியை மங்கலாக்குவது ஓவியருக்கு வருத்தம் தரும் வேலைதான், ஆனாலும் செய்ய வேண்டியது.

### லீவரைப் பார்த்தார், அது தொடக்கூடியது என்று நினைக்கவில்லை

முந்தைய அறைகளில் அதே மாதிரி ஒன்றைத் தொட்டு ஒன்றும் நடக்காமல் போயிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது அறையில் அசையாத லீவரை அலங்காரமாக வைத்திருந்தால் ஏழாவது அறையில் அதற்கான விலையைக் கொடுப்பீர்கள். ஒரே படம், ஒரே செயல். விதிவிலக்கு கூடாது.

பொருளை மறந்து விட்டுவிட்டுப் போவதும் இதே வகை. போர்ட்டல் (2007) ஆட்டத்தைச் செய்தபோது, ஒரு லெவல் முழுக்கத் தூக்கிச் செல்ல வேண்டிய பெட்டியை டெஸ்டர்கள் விட்டுவிட்டுப் போனார்கள். செய்தவர்கள் அதன் மேல் இதயக் குறி வரைந்தார்கள். அதைத் துணை என்று ஆட்டத்தில் கேட்கும் குரல் ஒன்று சொல்லிக்கொண்டே இருக்கும். அவ்வளவில் பிரச்சினை தீர்ந்தது. லெவலின் அமைப்பை மாற்றுவதற்கு முன்னால் பொருளின் தோற்றத்தை மாற்றிப் பாருங்கள் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

### எல்லாம் தெரியும், ஒரு விதி மட்டும் தெரியாது

"பெட்டி மேல நின்னா சுவிட்ச் அழுந்துமா?" என்று கேட்கிறார். அவருக்கு அந்த விதியை ஆட்டம் சொல்லித்தரவில்லை. அல்லது அதைச் சொல்லித்தரும் பாட அறையை அவர் தற்செயலாகத் தாண்டிவிட்டார். இரண்டாவதுதான் அதிகம். பாட அறையின் பதிவுக்குத் திரும்பிப் போங்கள். அங்கே விதியைப் புரிந்துகொள்ளாமலே வெளியேற முடிந்ததா? முடிந்தது என்றால் திருத்த வேண்டியது பாட அறை. அவர் மாட்டிக்கொண்ட அறையில் எந்தக் குற்றமும் இல்லை.

பாட அறையின் அமைப்பில் நான் பார்ப்பது மூன்றுதான். செத்துப்போகும் ஆபத்து அங்கே இருக்கக் கூடாது. அந்த விதியைத் தவிர வேறு எதுவும் இருக்கக் கூடாது. அந்த விதியைச் செய்யாமல் கதவு திறக்கக் கூடாது.

### விதி தெரியும், இணைக்க முடியவில்லை

இது உண்மையான புதிர். இங்கே ஆள் மாட்டிக்கொள்வது நீங்கள் விரும்பியதுதான், எவ்வளவு நேரம் என்பது மட்டுமே கேள்வி. கையைப் பாருங்கள். ஒவ்வொரு முயற்சியும் வேறாக இருந்தால் யோசிக்கிறார், விட்டுவிடுங்கள். ஒரே முயற்சியைத் திரும்பத் திரும்பச் செய்தாலோ போனை எடுத்தாலோ யோசனை நின்றுவிட்டது. அவர் எந்தத் தவறான வழியைத் திரும்பச் செய்கிறார் என்று பார்த்து, அந்த வழி ஏன் ஆகாது என்பது கண்ணுக்குத் தெரியும்படி செய்யுங்கள். பள்ளம் "கொஞ்சம்தான் எட்டல" என்ற அளவில் இருந்தால் இருபது தடவை குதிப்பார். அதை இரண்டு மடங்கு அகலமாக்குங்கள், முதல் பார்வையிலேயே விட்டுவிட்டு வேறு வழி தேடுவார். கடினமான புதிர் சுலபமாவதற்குப் பள்ளம் பெரிதாக வேண்டும் என்பது கேட்க வினோதமாக இருக்கும், ஆனால் இந்த வகை ஆட்டத்தில் எனக்கு இதைவிட அடிக்கடி கைகொடுத்த மாற்றம் கிடையாது.

தொழில்முறை ஆள் எப்போது? மேலே சொன்னதெல்லாம் செய்து இரண்டு புதுச் சுற்றுகள் ஓட்டிய பிறகும் அதே அறையில் பாதிக்கு மேற்பட்டவர்கள் நின்றால், புதிர் வடிவமைப்பில் அனுபவமுள்ளவரை ஒரு நாள் கூப்பிட்டு ஆடவிடுங்கள். அதற்கும் முன்னால் ஒரு மலிவான வழி இருக்கிறது: அந்த அறையை எடுத்துவிட்டு ஆட்டத்தை ஓட்டிப் பாருங்கள். யாரும் எதையும் தேடவில்லை என்றால் அந்த அறை போகட்டும்.

## "விடை தெரியும், கை வரல"

கேள்வி ஒன்றே: விடை தெரிந்த பிறகு எத்தனை தடவை செத்தார்? மூலைப் படத்தோடு எண்ணுங்கள். அவர் எழுந்து போகிறவரை இதுதான் ஆட்டத்தின் சுவையைத் தின்கிறது.

மிகச் சுலபமான காரணம், சாவுக்கும் மறு முயற்சிக்கும் நடுவே உள்ள நேரம். ஆள் சிதறும் அனிமேஷன், இருட்டாகும் திரை, மறுபடி வெளிச்சம் என்று மூன்று செகண்ட் போனால் அதை ஒரு செகண்டுக்குக் கீழே கொண்டுவாருங்கள். இதை மட்டும் செய்து அதே அறையை வேறு ஆட்களிடம் கொடுத்தால் "கஷ்டம்" என்ற சொல் எவ்வளவு குறைகிறது என்று பாருங்கள்.

அடுத்து செக்பாயின்ட். பெட்டியைத் தள்ளி, லீவரை இழுத்து, மேடையை இறக்கி, அதன் பிறகு முள் மேல் குதிக்க வேண்டும் என்றால், முள்ளில் விழுந்தவர் பெட்டி தள்ளுவதிலிருந்து தொடங்கக் கூடாது. யோசித்து முடித்ததை மறுபடி கையால் செய்யவைப்பது தண்டனை. யோசிக்கும் பகுதி முடிந்த இடத்தில் செக்பாயின்ட் வையுங்கள்.

அதற்கும் அடுத்து அளவுகள். ஆளால் தாண்டக்கூடிய அதிகபட்ச தூரத்தில் 90 சதவீதத்துக்கு மேல் கேட்கும் எந்தப் பள்ளமும் புதிர் ஆட்டத்தில் எனக்குத் தேவையாகப் படவில்லை. முள்ளின் மோதல் பெட்டி முள்ளின் படத்தை விடச் சின்னதாகவும், எடுக்கும் பொருளின் பெட்டி படத்தை விடப் பெரிதாகவும் இருக்கட்டும்.

இதற்கெல்லாம் பிறகும் சிலருக்குக் கை வராது. அவர்களுக்கு உதவி முறை ஒன்று வையுங்கள். செலெஸ்டின் அசிஸ்ட் மோட் ஆட்டத்தின் வேகத்தைக் குறைக்கவும் சாகாமல் ஆடவும் விடுகிறது. அதனால் ஆட்டத்தின் கடுமைக்கு உள்ள பெயர் கெட்டுப்போகவில்லை. ஒரு கையால் ஆடுபவர்கள், நடுக்கம் உள்ளவர்கள் உங்கள் ஆட்டக்காரர்களில் இருப்பார்கள். அவர்களிடமிருந்து குறிப்பு வந்தால், அணுகல் வசதி ஆலோசகர் ஒருவரிடம் காட்டும் செலவை ஒதுக்குங்கள். ஊகித்துச் செய்ய வேண்டிய இடம் அதுவல்ல.

## விடை வந்தது, முகத்தில் ஒன்றுமில்லை

இதை யாரும் குறையாகச் சொல்ல மாட்டார்கள், நீங்கள்தான் பார்க்க வேண்டும். கதவு திறக்கிறது, ஆடுபவர் தலையசைக்காமல் அடுத்த அறைக்குப் போகிறார். "எப்படித் திறந்துச்சு?" என்று கேளுங்கள். "சும்மா எல்லாத்தையும் அழுத்திப் பாத்தேன்" என்றால் சேர்க்கைகள் குறைவு. மூன்று சுவிட்சுகள் மட்டும் இருந்தால் யோசிப்பதை விட அழுத்திப் பார்ப்பது விரைவு. சுவிட்சைக் கூட்டுவதால் இது சரியாகாது. தவறாக அழுத்தினால் வேறு ஒரு வழி மூடுவதாக அமையுங்கள். விடையைச் சரியாக விளக்குகிறார், ஆனாலும் உற்சாகம் இல்லை என்றால் முதலில் ஒலியைக் கவனியுங்கள்: விடை பூர்த்தியாகும் அந்த நொடிக்கு ஓர் ஒலி இருக்கிறதா? சுவிட்ச் ஒரு பக்கம், திறக்கும் கதவு திரைக்கு வெளியே மறுபக்கமா?

## மாட்டிக்கொண்டார், வெளியே வர வழியில்லை

பெட்டி மூலைக்குள் போய்விட்டது. 1982-இல் வந்த, பெட்டி தள்ளும் புதிர் ஆட்டமான சோக்கோபான் காலத்திலிருந்து தெரிந்த சங்கதிதான்: தள்ள மட்டும் முடியும், இழுக்க முடியாது என்றால் மூலைக்குப் போன பெட்டி போனதுதான். மிக மலிவான தீர்வு, அறையைத் திரும்பத் தொடங்க ஒரே பொத்தான். மெனுவுக்குள் புதைக்காமல் நேரடிப் பொத்தானாகவே கொடுத்து, முதல் பெட்டி அறையிலேயே அதைக் காட்டிவிடுங்கள். அடுத்த படி, ஒவ்வொரு செயலையும் பின்வாங்கும் வசதி. அது ஆட்டத்தின் எல்லாப் பொருள்களின் நிலையையும் பதிந்துவைக்கக் கேட்கும், பாதியில் சேர்ப்பது கடினம். வேண்டுமா வேண்டாமா என்பதை முதல் சில அறைகளிலேயே முடிவு செய்யுங்கள்.

இதைவிட மோசமானது, மாட்டிக்கொண்ட நிலையிலேயே சேவ் ஆவது. தானியங்கி சேவ் நடக்கும் நொடியில் ஆள் காற்றிலோ, மூடும் கதவுக்குள்ளோ, நகரும் மேடை மேலோ இருந்தால் திரும்ப ஏற்றும்போது சுவருக்குள் பிறப்பார். ஆள் நிலையான தரையில் நிற்கும்போது மட்டும் சேவ் ஆகட்டும், முந்தைய சேவ் ஒன்றும் எப்போதும் இருக்கட்டும். வெளியீட்டுக்கு முன் ஆட்டத்தை உடைப்பதையே வேலையாகக் கொண்ட கியூஏ (தரச் சோதனை) ஆட்களுக்குப் பணம் கொடுக்க வேண்டிய இடம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். நண்பர்கள் ஆட்டத்தை ஆடுவார்கள், உடைக்க மாட்டார்கள்.

## "தலை சுத்துது"

உடனே நிறுத்துங்கள். "இன்னும் ஒரு அறை மட்டும்" என்று கேட்க வேண்டாம்.

பிறகு வரிசையாக: திரை நடுக்கத்தை அணையுங்கள், கேமரா ஆளைத் துரத்தும் அசைவைக் குறையுங்கள் (குதிக்கும் ஒவ்வொரு முறையும் கேமரா மேலும் கீழும் போக வேண்டியதில்லை), பின்னணி அடுக்குகளின் வேக வித்தியாசத்தைத் தணியுங்கள். நடுக்கத்துக்கு அமைப்புகளில் ஓர் அணைப்பான் கட்டாயம் வேண்டும். படம் விட்டு விட்டு ஓடுவதும் தலையைச் சுற்றவைக்கும்: இயற்பியல் ஒரு வேகத்தில், திரை வேறு வேகத்தில் ஓடினால் ஆள் அதிர்வார், இரண்டு நிலைகளுக்கு நடுவிலான இடத்தைக் கணித்துக் காட்டும் இடைக்கணிப்பு போட வேண்டும்.

மின்னல், வெடிப்பு, சாவு வெளிச்சம் எதுவும் ஒரு செகண்டில் மூன்று தடவைக்கு மேல் பளிச்சிடக் கூடாது. ஒளியால் வலிப்பு வரக்கூடியவர்களுக்கான எல்லை அது. உங்கள் ஆட்டம் முழுக்க ஒளிவீச்சை நம்பியது என்றால் நீங்களே கணித்து முடிவுக்கு வராமல், தொலைக்காட்சி நிகழ்ச்சிகளுக்குச் செய்வது போன்ற ஹார்டிங் சோதனைக்கு அனுப்புங்கள்.

## அவருடைய கணினியில் மட்டும் ஆட்டம் பழுதாகிறது

லாகை (ஆட்டம் எழுதிவைக்கும் பதிவுக் கோப்பை) கேட்பதற்கு முன் மூன்று கேள்விகள். பயனர் பெயர் எந்த எழுத்தில் இருக்கிறது? தமிழிலோ வேறு எழுத்திலோ இருந்தால் சேவ் கோப்பின் பாதை உடைந்திருக்கலாம். கணினியின் மொழி அமைப்பு என்ன? ஜெர்மன் போன்ற அமைப்புகளில் தசமப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி வரும். கோப்பில் 1.5 என்று எழுதியதைச் சி ஷார்ப் நிரல்மொழி 15 என்று படித்துவிட்டால் ஆட்டத்தில் மேடைகள் பத்து மடங்கு தள்ளிப் போயிருக்கும். எண்ணைப் படிக்கும்போதும் எழுதும்போதும் மொழி அமைப்பைச் சாராத இன்வேரியன்ட் கல்ச்சர் கொடுத்தால் தீரும். கீபோர்டு எந்த வகை? பிரெஞ்சு கீபோர்டில், நகர்வுக்குப் பயன்படும் டபிள்யூ, ஏ, எஸ், டி நான்கும் ஒரே கொத்தாக இருக்காது, எழுத்தைப் பார்க்காமல் பொத்தானின் இடத்தைப் பார்த்துப் படிக்க வேண்டும்.

பிரவுசரில் ஆடினாரா? அங்கே ஸ்பேஸும் அம்புகளும் பக்கத்தை நகர்த்தும், கன்ட்ரோலோடு டபிள்யூ சேர்ந்தால் தாவலே மூடிவிடும், ஒரு தடவை சொடுக்கும் வரை ஒலி வராது. இவை எல்லாம் ஆட்டத்தின் கோளாறாகவே எழுதப்பட்டு வரும்.

ஆட்டத்தைக் கன்சோல் போன்ற வேறு கருவிகளுக்கு மாற்றும்போது வரும் பழுதுகளோடு தனியாகப் போராடாமல், அந்த மாற்றும் வேலையை (போர்ட்டிங்) செய்பவர்களிடம் போய்விடுங்கள்.

## எல்லோரும் "நல்லா இருக்கு" என்கிறார்கள்

தெரிந்தவர்களிடம் மட்டும் கொடுத்தால் இப்படித்தான் வரும். உங்களை அறியாதவர்களிடம் கொடுங்கள். கணினி ஆட்டங்கள் விற்கும் ஸ்டீம் தளத்தில் பிளேடெஸ்ட் என்றே ஒரு வசதி இருக்கிறது, இட்ச் தளத்தில் கட்டுப்படுத்தப்பட்ட பக்கம் போடலாம். கேள்வியையும் மாற்றுங்கள்: "எந்த இடத்தில் நிறுத்தலாம்னு தோணுச்சு?" என்று கேட்டால் யாரும் "எங்கேயும் இல்ல" என்று சொல்வதில்லை. வாய் சொல்வதை விட, எந்த அறையில் ஆட்டத்தை மூடினார்கள் என்ற பதிவு நம்பகமானது. அறைக்கு ஒரு வரி எழுதும் லாக் போதும். அதை எடுக்கிறீர்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அதனால் முதல் இரண்டு மணி நேரத்தில் மூடப்படும் அறைகளை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள்.

## இருவர் எதிரெதிராகச் சொல்கிறார்கள்

ஒருவர் "ரொம்பச் சுலபம்", இன்னொருவர் "முடியவே இல்ல". நடுவில் ஒரு அளவைப் பிடித்து வைத்தால் இருவருக்கும் பிடிக்காது. இருவரும் ஒரே இடத்தைத்தான் சொல்கிறார்களா என்று முதலில் பாருங்கள், பெரும்பாலும் இல்லை. ஒருவர் புதிரைச் சொல்லியிருப்பார், மற்றவர் குதிப்பதை. அப்படியென்றால் மேலே உள்ள இரண்டு தலைப்புகளுக்கும் தனித்தனியாகப் போங்கள். ஒரே இடம்தான் என்றால், இதற்கு முன் இந்த வகை ஆட்டம் ஆடியிருக்கிறார்களா என்று கேளுங்கள். இந்த ஆட்டம் யாருக்காக என்று நீங்கள் எழுதிவைத்த ஆள் அந்த இருவரில் எவரோ, அவருடைய பதிவை வைத்து முடிவெடுங்கள். மற்றவர் சொன்னதைத் தேதியோடு குறித்துவையுங்கள். அடுத்த சுற்றில் இன்னொருவர் அதையே சொன்னால் அன்றைக்குத் திறந்து பார்க்கலாம்.